தீயை நோக்கிச் செல்லும் வடம்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வடத்தின் நுனியை வெட்டிவிட வேண்டும். பார்வைக்கு அது புதிதுபோலவே இருக்கலாம்; ஒரு கம்பிகூட அறுந்திருக்காது. ஆனாலும் வெட்டத்தான் வேண்டும். ஆளையும் கல்லையும் சுமக்கும் கேஜ் எனும் சுரங்கக் கூண்டு வடத்தோடு இணைகிற இடம் அது. ஒவ்வொரு ஏற்றத்திலும் இறக்கத்திலும் உண்டாகும் உதறல் அங்கேதான் போய்ச் சேரும். அதனால் இரண்டு மீட்டருக்குக் குறையாமல் துண்டித்து, புரிகளைப் பிரித்து, உள்ளே இருக்கும் கம்பிகளைச் சோதிப்பார்கள். மிச்ச வடத்தின் நுனியைத் துடைப்பம்போல விரித்துச் சுத்தம் செய்து, கூம்புக் குழிக்குள் செருகி, உருக்கிய வெள்ளை உலோகத்தை ஊற்றி இறுக்குவார்கள். புதிய தலைக்கட்டுத் தயாராகிவிடும். வடம் மறுபடி வேலைக்குப் போகும்.

இந்தியச் சுரங்கங்களுக்கு அரசு வகுத்திருக்கும் விதி இது. கோலார் தங்கவயலில் பல தலைமுறைத் தொழிலாளர்கள் தங்கள் உயிரை ஒப்படைத்திருந்தது இப்படி நுனி வெட்டப்பட்ட வடங்களிடம்தான்.

தீயணைக்கப் போகிறவர் முன்னால் முதலில் வந்து நிற்கும் கேள்வி தண்ணீரைப் பற்றியதல்ல. தீ இருக்கும் இடத்துக்கு எப்படிப் போய்ச் சேருவது? மூச்சுக்கருவியையும் குழாயையும் கோடரியையும் அங்கே எப்படிக் கொண்டுபோவது? நகரத்தில் இந்தக் கேள்வி மேல்நோக்கி இருக்கிறது: பத்தாவது மாடி, இருபதாவது மாடி. தங்கவயலில் அது கீழ்நோக்கி இருந்தது: ஒரு மைல், இரண்டு மைல். இரண்டுக்கும் பதில் ஒன்றே, முறுக்கிய இரும்புக் கம்பி. அந்தப் பதில் எங்கே பிறந்தது, எந்த வழியாக நம்மிடம் வந்தது, இன்று எங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதுதான் இந்தக் கதை.

பிறப்பு

கிணற்றிலிருந்து கமலை இறைத்த நாட்டுக்கு வடத்தின் வேலையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வட ஆர்க்காட்டில் அதைக் கவலை என்பார்கள். மாடுகள் சரிவில் இறங்கும்போது வடம் உருளைமேல் ஓடி, தோல்சால் நிறையத் தண்ணீரை மேலே கொண்டுவரும். சுரங்கத்தின் ஏற்ற இயந்திரமும் அடிப்படையில் இதுதான். மாட்டுக்குப் பதிலாக நீராவி, உருளைக்குப் பதிலாக உயரக் கோபுரத்தில் சுழலும் பெரிய சக்கரம், தோல்சாலுக்குப் பதிலாகக் கேஜ்.

ஆனால் கமலையின் வடம் ஐம்பது, அறுபது அடிக்குத்தான். ஐரோப்பியச் சுரங்கங்கள் ஆயிரம் அடியைத் தாண்டியபோது சணல் வடங்கள் ஈரத்தில் அழுகின. இரும்புச் சங்கிலிக்கு மாறினார்கள். சங்கிலியின் குணம் கொடியது; நூறு வளையங்களில் தொண்ணூற்றொன்பது நன்றாக இருந்தாலும் ஒன்று விட்டால் எல்லாம் போயிற்று. விடப்போவதாக அது முன்கூட்டிச் சொல்லவும் சொல்லாது.

ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப்பகுதியில், கிளவுஸ்தால் என்ற ஊரில், வில்ஹெல்ம் அல்பர்ட் என்ற சுரங்க அதிகாரி இதற்கு ஒரு வழி தேடினார். 1834இல் அவர் செய்த வடம் எளிமையானது. 3.5 மில்லிமீட்டர் பருமனுள்ள நான்கு இரும்புக் கம்பிகளை முறுக்கினால் ஒரு புரி. அப்படி மூன்று புரிகளை முறுக்கினால் வடம். அதைக் கையாலேயே முறுக்கினார்கள். அந்த ஆண்டு ஜூலையில் கரோலின் என்ற சுரங்கக் குழியில் அது முதன்முதலாக வேலைக்கு இறங்கியது.

அந்தக் கண்டுபிடிப்பின் சிறப்பு வலிமை மட்டுமன்று. பன்னிரண்டு கம்பிகளில் ஒன்று அறுந்தால் மற்ற பதினொன்று சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். அறுந்த கம்பியின் முனை வெளியே நீட்டிக்கொண்டு நின்று, கண்ணுக்கும் கைக்கும் தெரியும். ஆகவே வடம் சாகுமுன் நோயைக் காட்டும். சங்கிலியிடம் இல்லாத நேர்மை அது. மனிதரைச் சுமக்கும் பொருளுக்கு இதைவிடப் பெரிய தகுதி எதுவும் இருக்க முடியாது.

சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் இயந்திரத்தால் வடம் முறுக்கத் தொடங்கினார்கள். நடுவில் எண்ணெயில் ஊறிய நார், அதைச் சுற்றி ஆறு புரிகள் என்ற வடிவம் நிலைத்தது. நார் உள்ளிருந்து எண்ணெயைக் கசியவிட்டுக் கம்பிகளுக்கு உராய்வு தெரியாமல் பார்த்துக்கொள்ளும். கப்பலும் பாலமும் சுரங்கமும் அதைத் தேடி வந்தன.

தங்கவயலுக்கு

கோலார் மாவட்டத்தின் அந்த வறண்ட மேட்டில் தங்கம் இருப்பது ஊராருக்குப் பழைய செய்தி. 1802இல் ஜான் வாரன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி மாரிக்குப்பம் பக்கம் மண்ணை அலசித் தங்கம் எடுத்தவர்களைப் பார்த்து எழுதிவைத்தார். அந்தக் குறிப்பைப் படித்த மைக்கேல் லவெல் என்ற ஓய்வுபெற்ற படைவீரர் 1870களில் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமை கேட்டார். 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்றது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் வரிசையாக இறங்கின.

ஆழம் கூடக் கூட இயந்திரங்கள் வந்தன. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பம்வரை கிளை ரயில்பாதை திறந்தார்கள். பெரிய மர உருளைகளில் சுற்றப்பட்டு டன் கணக்கில் கனக்கும் இரும்பு வடம் போன்ற சரக்குக்கு மாட்டுவண்டிப் பாதை போதாது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து ஏறத்தாழ 148 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் வந்தது. அந்தக் காலத்தில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளில் அதுவும் ஒன்று.

அதே ரயில்பாதையில்தான் ஆட்களும் வந்தார்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தருமபுரிப் பக்கமிருந்தும் வந்த தமிழர்கள், பெரும்பாலும் நிலமற்ற தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள், தகரமும் மூங்கில் தட்டியும் வேய்ந்த லைன் வீடுகளில் குடியேறினார்கள். ஊரில் அவர்களில் பலருக்குத் தேர்வடத்தைத் தொடும் உரிமைகூட இருந்ததில்லை. இங்கே வேறொரு வடம் அவர்களுக்காகக் காத்திருந்தது. சங்கு ஊதியதும் வரிசையில் நின்று, விளக்கை வாங்கிக்கொண்டு, கேஜுக்குள் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். கம்பிக்கதவு மூடும். மணி அடிக்கும். காலுக்கடியில் தரை விலகிப்போகும்.

வடத்தின் அன்றாடம்

ஏற்ற இயந்திரத்தை ஓட்டுபவர் கேஜைப் பார்ப்பதில்லை. அவருடைய அறை ஷாஃப்ட் எனும் செங்குத்துச் சுரங்கக் குழிக்கு வெளியே தள்ளி இருக்கும். எதிரே கேஜ் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் முள், காதில் மணி. நிறுத்து, ஏற்று, இறக்கு என்பதற்கு ஒவ்வொரு மணிக்கணக்கு. ஆள் ஏறப்போகிறார்கள் என்பதற்குத் தனிக்கணக்கு. அந்த மணி கேட்டபின் அவருடைய கை வேறுவிதமாக அசையும். கல் ஏற்றும் வேகம் வேறு. மனிதரை ஏற்றும் வேகம் வேறு.

அவருக்கு முன்பே வேலையைத் தொடங்குபவர் வடத்தைச் சோதிப்பவர். நாள்தோறும் வடத்தை மெல்ல ஓடவிட்டு, கையில் பஞ்சுக்கழிவைப் பிடித்துக்கொண்டு அது வழியே வடத்தை நழுவவிடுவார். எங்காவது ஒரு கம்பி அறுந்திருந்தால் அதன் முனை பஞ்சில் சிக்கும். உடனே நிறுத்தி, இடத்தைக் குறித்து, எண்ணி, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுவார். கம்பியின் தேய்மானம், துரு, எண்ணெய்ப் பூச்சு எல்லாமே அந்தப் பதிவேட்டில் ஏறும். மனிதரைச் சுமக்கும் வடம், சுமக்கும் எடையைப்போலப் பத்து மடங்கு தாங்கும் வலிமை கொண்டதாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. வயதாகிவிட்டால், பார்வைக்கு நன்றாகவே இருந்தாலும், ஆளேற்றும் வேலையிலிருந்து விலக்கிவிடுவார்கள்.

கேஜ் மேலே வந்து நிற்காமல் கோபுரச் சக்கரத்தில் மோதப் போனால்? அதற்கும் ஒரு காவல் உண்டு. வடத்துக்கும் கேஜுக்கும் நடுவே ஒரு கொக்கி இருக்கும். எல்லை தாண்டினால் அது வடத்தைக் கழற்றிவிட்டு, கேஜைக் கோபுரத்திலேயே தொங்கவிட்டுவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் சுரங்கங்களில் உருவான ஏற்பாடு இது.

ஆனால் ஆழம் என்று ஒன்று இருக்கிறது. அதை எந்தக் கொக்கியாலும் வெல்ல முடியாது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் போனது. 38 மில்லிமீட்டர் பருமனுள்ள இரும்பு வடத்தை எடுத்துக்கொள்வோம். மீட்டருக்கு ஐந்து கிலோவுக்கு மேல் எடை. மூன்று கிலோமீட்டர் நீளம் தொங்கவிட்டால் வடம் மட்டுமே பதினைந்து டன். அது அறுந்துபோகும் சுமை எண்பது டன்னுக்குச் சற்று மேல். பத்தில் ஒரு பங்கு என்றால் எட்டு டன்தான். அதாவது காலிக் கேஜைக் கட்டுவதற்கு முன்பே வடம் தன் எடையாலேயே விதியை மீறிவிடும். பருமனைக் கூட்டினாலும் பயனில்லை. வலிமை ஏறுகிற அளவுக்கு எடையும் ஏறும்.

அதனால் தங்கவயலில் பயணம் பல கட்டமாக நடந்தது. ஒரு ஷாஃப்டில் இறங்கி, நிலத்தடிப் பாதையில் நடந்து, அங்கேயே குடைந்து நிறுவிய மற்றொரு ஏற்ற இயந்திரத்தின் வடத்தில் மேலும் இறங்க வேண்டும். கடைசித் தளத்தில் பாறையின் வெப்பமே அறுபது பாகை செல்சியசைத் தாண்டும். குளிர்வித்த காற்றை மேலிருந்து அனுப்பினால்தான் மனிதர் அங்கே நிற்க முடியும்.

அந்த வடங்கள் கல்லையும் ஆளையும் மட்டும் சுமக்கவில்லை. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் ஜப்பானியர்களோடும் ஆங்கிலேயர்களோடும் சேர்ந்து சாம்பியன் ரீஃப் ஆழத்தில் கருவிகளை நிறுவி, காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோக்களை 1965இல் கண்டறிந்தார்கள். 1980இல் புரோட்டான் சிதைவைத் தேட, 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் சுமார் 140 டன் எடையுள்ள இரும்புக் கருவி ஒன்று இயங்கத் தொடங்கியது. அதன் ஒவ்வொரு துண்டும் வடத்தில் தொங்கித்தான் கீழே போயிருக்கிறது.

கீழே தீ

சுரங்கத்தில் தீ என்றால் அனலைவிடப் புகைதான் எமன். சுரங்கத்துக்கு வாசல்கள் குறைவு. ஒரு ஷாஃப்டில் நல்ல காற்று இறங்கும். மற்றொன்றில் கெட்ட காற்று வெளியேறும். நல்ல காற்று இறங்கும் வழியில் தீப்பற்றினால், மூச்சுக்காக வைத்த வழியே நஞ்சைக் கொண்டுபோய் எல்லாத் தளத்திலும் சேர்த்துவிடும். பழைய சுரங்கங்களின் ஷாஃப்டுக்குள்ளும் பாறைக்கு முட்டுக்கொடுத்த இடங்களிலும் மரம் நிறைந்திருந்தது. தங்கவயலில் ராக் பர்ஸ்ட் எனும் பாறை வெடிப்பைத் தாங்குவதற்காக, பிற்காலத்தில் செதுக்கிய கருங்கல் அடுக்குகளை முட்டுக்கொடுத்தார்கள். கல் எரியாது என்பது அதில் கிடைத்த கூடுதல் நன்மை.

புகைக்குள் போக மூச்சைக் கையோடு கொண்டுபோக வேண்டும். 1878 வாக்கில் ஹென்றி ஃப்ளூஸ் என்ற ஆங்கிலேயர், விட்ட மூச்சிலுள்ள கரிவளியை வேதிப்பொருளால் உறிஞ்சி, ஆக்சிஜன் சேர்த்து மறுபடி மூச்சுக்குத் தரும் கருவியை வடிவமைத்தார். அதன் வழிவந்த புரோட்டோ என்ற கருவி இருபதாம் நூற்றாண்டில் சுரங்க மீட்பாளர்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. முதுகில் ஆக்சிஜன் உருளை, மார்பில் மூச்சுப் பை, மூக்கில் கிளிப், வாயில் குழல். பேச முடியாது, கை ஜாடைதான்.

இந்தக் கருவியைப் போட்டுக்கொண்டு ஏணியில் ஆயிரம் அடி இறங்க முடியாது. இறங்கினாலும் வேலை செய்யும் நேரம் வழியிலேயே கரைந்துவிடும். உருளைகள், தண்ணீர்க் குழாய், தூக்குப் படுக்கை, அடைப்புச் சுவர் கட்டப் பலகை எல்லாமே கேஜில்தான் இறங்க வேண்டும். வடத்தை நம்பாமல் மீட்பு என்ற சொல்லே சுரங்கத்தில் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தீக்கென்று தனி வடம் கிடையாது. நேற்றுக் கல் ஏற்றிய வடம்தான், இன்று காலை ஷிஃப்டை இறக்கிய வடம்தான், ஆபத்தில் மீட்பாளரையும் இறக்கும். ஆபத்து வருமுன்பே அது தயாராக இருந்ததற்குக் காரணம், அதை நாள்தோறும் பயன்படுத்தியதும் நாள்தோறும் பஞ்சைப் பிடித்துப் பார்த்ததும்தான். அலமாரியில் பூட்டிவைத்த கருவிக்கு இந்தப் பேறு வாய்ப்பதில்லை.

மேலே தீ

சுரங்கத்தில் வளர்ந்த வடம் வீடுகளுக்குள் நுழைந்தது அமெரிக்காவில். 1854இல் நியூயார்க்கில் எலிஷா ஓடிஸ் ஒரு தட்டின்மேல் ஏறி நின்றுகொண்டு, தன்னைத் தாங்கியிருந்த கயிற்றை வெட்டச் சொன்னார். வெட்டினார்கள். தட்டு விழவில்லை, பக்கத்துச் சட்டங்களைப் பற்றிக்கொண்டு நின்றது. 1857இல் அங்கே ஒரு கடையில் முதல் பயணிகள் லிஃப்ட் ஓடியது. பின்னர் இரும்பு வடமும் சேர்ந்தது. கட்டடங்கள் உயரத் தொடங்கின.

அவற்றோடு தீயின் உயரமும் ஏறியது. ஜெர்மனியின் ஊல்ம் நகரத் தீயணைப்புத் தலைவர் கான்ராட் மாகிருஸ் 1872இல் சக்கரத்தின்மேல் தானே நிற்கும் ஏணியைச் செய்தார். இன்று பின்லாந்தின் பிரான்டோ ஸ்கைலிஃப்ட் ஏணி வண்டிகள் இந்திய நகரங்களிலும் இருக்கின்றன. ஆனால் ஏணி வண்டிக்கு அகலமான தெரு வேண்டும், நிற்க உறுதியான தரை வேண்டும், தலைக்குமேல் மின்கம்பி இல்லாதிருக்க வேண்டும். நம் தெருக்களில் இவை மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது.

சென்னை அண்ணா சாலையின் எல்ஐசி கட்டடம் 1959இல் திறக்கப்பட்டபோது நாட்டின் மிக உயரமான கட்டடம் என்று பெயர் பெற்றது. 1975 ஜூலையில் அது தீப்பற்றி எரிந்தது. 2010 பிப்ரவரி 23 அன்று பெங்களூரு கார்ல்டன் டவர்ஸில், மின்கம்பிகள் செல்லும் செங்குத்துக் குழிவழியில் தொடங்கிய தீயின் புகை மாடி மாடியாக ஏறியது. ஒன்பது பேர் இறந்தார்கள். சன்னலை உடைத்துக் குதித்தவர்களும் அவர்களில் உண்டு. அந்தக் குழிவழிக்கும் ஷாஃப்ட் என்றுதான் பெயர். தங்கவயல்காரருக்கு அந்தச் சொல்லும் தெரியும், ஷாஃப்டில் புகை ஏறினால் என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள மூச்சுக்கருவி, தோளில் ஹோஸ், கையில் கோடரி. இவற்றோடு தீயணைப்பு வீரர் பதினைந்து மாடி ஏறிப்போய்ச் சேரும்போது உருளைக்குள் இருக்கும் காற்றும் அவருடைய தெம்பும் குறைந்திருக்கும். அதனால்தான் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, உயரக் கட்டடங்களில் தீயணைப்போருக்கென ஒரு லிஃப்ட் இருக்க வேண்டும் என்கிறது. குறைந்தது எட்டுப் பேர், அதாவது 545 கிலோ, ஏற்ற வேண்டும். தரைத்தளத்திலிருந்து உச்சித் தளத்துக்கு ஒரு நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். மின்சாரம் நின்றால் மாற்று மின்சாரம் தானாக வர வேண்டும். தரைத்தளத்தில் ஒரு சுவிட்ச். வீரர் அதை இயக்கினால் லிஃப்ட் நேராகக் கீழே வந்து அவர் கைக்கு அடங்க வேண்டும். தீயின்போது குடியிருப்பவர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது, படிக்கட்டுதான். இந்த வடம் தீயை நோக்கிப் போகிறவருக்கு மட்டும்.

சாதாரண நாட்களில் அதே லிஃப்டைக் குடியிருப்பவர்கள் பயன்படுத்தலாம் என்றும் விதி சொல்கிறது. சுரங்கத்தின் அறிவு இது. தினமும் ஓடும் வடம்தான் அவசரத்தில் ஓடும். ஓடாமல் கிடப்பதன் நோய் யாருக்கும் தெரியாது.

கடைசித் தலைக்கட்டு

1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன. பிறகு மத்திய அரசுக்கு. 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் லிமிடெட் ஆயின. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ எண்ணூறு டன் தங்கம் வடத்தில் ஏறி வெளியே வந்திருந்தது. மூடியபின் தண்ணீர் இறைக்கும் பம்புகள் நின்றன. ஷாஃப்டுகளில் நீர் ஏறியது. கோபுரங்கள் சக்கரத்தோடு நிற்கின்றன. சயனைடு கலந்த கழிவு மண் மேடுகள் காற்றில் தூளாகப் பறக்கின்றன.

ஊர் நிற்கவில்லை. மாரிக்குப்பத்தில் விடிவதற்கு முன்பே ரயில் நிறைகிறது. சுரங்கத்தில் இறங்கியவர்களின் பேரன்களும் பேத்திகளும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பெரிய வடத்தை ஏற்றிவந்த அதே பாதை இப்போது அவர்களை வெளியே கொண்டுபோகிறது. அங்கே கண்ணாடிக் கட்டடங்களில் காவலராக, துப்புரவுப் பணியாளராக, கணினிக்கு முன் அமர்பவராக, லிஃப்டில் ஏறுகிறார்கள். கதவு மூடுகிறது. கால்தரை லேசாக அழுந்துகிறது. தலைக்குமேல், அவர்கள் பார்க்க முடியாத இடத்தில், தாத்தாவைச் சுமந்த வடத்தின் வழிவந்த வடம் இழுக்கிறது.

அந்த வடத்தைப் பஞ்சைப் பிடித்துப் பார்த்தது யார்? கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் தீயணைப்போர் சுவிட்ச் வேலை செய்கிறதா? லிஃப்டுக்கு முன்னால் இருக்கும் நடைவழியில் பழைய நாற்காலிகளை அடுக்கிவைத்திருக்கிறார்களா? மாற்று மின்சாரத்தைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள், பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதா? தங்கவயலில் இவை மரியாதைக்குரிய கேள்விகள். கேட்டவரை யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொன்னதில்லை. ஏனென்றால் எல்லாரும் அதே கேஜில்தான் இறங்கினார்கள்.

நன்றாக இருக்கும்போதே வடத்தின் நுனியை வெட்டிப் பார்த்த ஊர் அது. தங்கம் எடுப்பது நின்றுவிட்டது. அந்தப் பழக்கத்தையாவது நம் மாடிகளுக்குக் கொண்டுபோக வேண்டும். நம் கட்டடத்தின் வாசலில் உள்ள அந்தச் சின்னச் சுவிட்சிலிருந்து தொடங்கலாம்.